பீப்பாய்க்கு நாலு கட்டை

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆரணியாற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிவரும் பக்தர்கள், பொங்கல் வைக்கும் அடுப்புப் புகை, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முண்டியடிக்கும் அப்பாக்கள்... நம்மூர்த் திருவிழா என்றால் கடை இல்லாமலா? பலூன், ஊதல், பிளாஸ்டிக் கதாயுதம். கூடவே மூங்கில் பிளாச்சில் நூல் கட்டிய பொம்மை வில். பேரம் பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தால் பையன் அந்த நிமிஷமே ராமன். வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் வில் முறியும். அதோடு ராமாவதாரம் முடிந்தது!

அடுத்த முறை அப்படி ஒரு வில் கைக்குக் கிடைத்தால், முறிவதற்குள் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மூங்கிலின் வழவழப்பான தோல் எந்தப் பக்கம் இருக்கிறது? எய்கிறவனைப் பார்த்தா, இலக்கைப் பார்த்தா?

'எந்தப் பக்கம் இருந்தால் என்ன சார்?' என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்கள் காடு காடாக அலைந்தான். இதற்காக ஒரு நாட்டு அரசர், ஒயின் வியாபாரிகளின் கழுத்தைப் பிடித்தார். இன்னொரு நாட்டில் ஒரு மர இனமே கணக்கில் எழுத முடியாத அளவுக்குக் குறைந்துபோனது. சரி, அதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், அதன் ஒரு முனை நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தோப்புகள் வரை வந்து நிற்கிறது.

முதலில் அந்த மூங்கில் கேள்வியை முடித்துவிடுவோம்.

நாணை இழுக்கும்போது வில்லுக்குள் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன. இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது. எய்கிறவனைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. ஒரே கட்டை, ஒரு பக்கம் கயிறு மாதிரி இழுப்பைத் தாங்கவேண்டும். மறுபக்கம் தூண் மாதிரி அமுக்கத்தைத் தாங்கவேண்டும். கையை விட்டதும் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் அம்பு பத்தடியில் விழும். கட்டை ரொம்பக் கனமாக இருந்தாலும் வம்பு. இழுத்துச் சேர்த்த சக்தியெல்லாம் வில்லின் கைகளை நகர்த்தவே செலவாகிவிடும். அம்புக்கு மிச்சம் இருக்காது.

கம்பெனி நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விற்பனையும் தெரிந்து, கணக்கும் தெரிந்து, ராத்திரி ஷிப்டுக்கும் வருகிற ஒரே ஆள் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறார்? மரத்திலும் அப்படித்தான். இழுப்பைத் தாங்குகிற மரம் அமுக்கினால் நொறுங்கும். அமுக்கத்தைத் தாங்குகிற மரம் இழுத்தால் வாய் பிளக்கும்.

மூங்கிலில் வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக இருக்கும். இழுப்பைத் தாங்குவதில் அது கில்லாடி. ஆகவே தோல் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். பொம்மை வில்லைத் திருப்பிக் கட்டிய புண்ணியவான் யாரோ, அவர்தான் உங்கள் வீட்டு ராமனின் பதவியைப் பறித்தவர்!

•

நம் முன்னோர் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். 'சிலை' என்றால் இன்றைக்கு நமக்கு மெரினா கடற்கரைதான் ஞாபகம் வரும். பழந்தமிழில் சிலை என்றால் வில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் இன்னொரு பொருளும் இருக்கிறது: ஒருவகை மரம். மரத்தின் பெயரே ஆயுதத்தின் பெயராகவும் இருக்கிறது.

வடமொழியிலும் இதே சங்கதி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சடச்சி மரத்துக்கு (தடசு என்றும் சொல்வார்கள்) அங்கே 'தனுர்விருட்சம்' என்று ஒரு பெயர். தனுசு என்றால் வில். வில் மரம்! வடக்கே 'தாமன்' என்று அழைக்கப்படும் இந்த மரம் வளைந்து கொடுக்கும், ஆனால் எளிதில் முறியாது. கோடாரிக்குப் பிடி போட இன்றும் விரும்பிக் கேட்கும் மரம்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்துக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த சுவடி அது. நூலகத்திலிருந்த சாமா சாஸ்திரி அதைப் படித்துப் பார்த்துத் திகைத்துப்போய், 1909-ல் அச்சேற்றினார். அதில் ஆயுதக் கிடங்கு அதிகாரிக்கென்று தனி அத்தியாயம் உண்டு. படித்தால் யுத்த வர்ணனை மாதிரியே இருக்காது. அசல் ஸ்டாக் ரிஜிஸ்டர்! வில் எத்தனை வகை? பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நாலு பொருள்களில் செய்யலாம். நாண் எதில்? மருள், எருக்கு, சணல் நார்களும் ஆகும், விலங்கின் நரம்பும் ஆகும். பண்டங்களை வெப்பம், ஈரம், பூச்சி அண்டாமல் அடிக்கடி இடம் மாற்றி, வெயில் காட்டி வைக்கவேண்டும். நாம் ராமபிரானின் வில் என்று கும்பிடுகிற 'கோதண்டம்' என்ற பெயர், இந்தக் கிடங்குப் பட்டியலில் ஒரு சரக்கின் பெயராக, சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது.

பட்டியலில் பனை இருப்பதைக் கவனித்தீர்களா? மூங்கிலும் பனையும் நம் வாசலிலேயே கிடைப்பவை. வெட்டினால் மறுபடி முளைக்கும் மூங்கில், வேலியோரம் நிற்கும் பனை. இவற்றுக்காக யாரும் கப்பல் ஏறவேண்டியதில்லை.

இதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கிரேக்கர்களைக் கேட்கலாம். அலெக்சாண்டரோடு வந்த கடற்படைத் தளபதி நியார்க்கஸ் எழுதிவைத்ததை, பின்னால் வந்த அரியன் எடுத்துச் சொல்கிறார். இந்தியக் காலாட்படை வீரனின் வில் ஆள் உயரம் இருந்ததாம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடது காலால் மிதித்துக்கொண்டு நாணை இழுப்பார்களாம். அம்பின் நீளம் ஏறக்குறைய மூன்று முழம். கேடயம், மார்புக் கவசம் எதுவும் அதைத் தடுக்கவில்லை என்கிறார். எதிராளி கொடுக்கும் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு அதிகம், இல்லையா?

•

இதே பிரச்னைக்கு இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்த விடை வேறு. விற்பனை, கணக்கு, ராத்திரி ஷிப்டு மூன்றும் பார்க்கிற அந்த அபூர்வ ஆளை அவர்கள் காட்டில் பிடித்துவிட்டார்கள். பெயர், யூ மரம்.

யூ மரத்தைக் குறுக்கே வெட்டினால் இரண்டு நிறம் தெரியும். வெளியே வெளிறிய மென்கட்டை, இழுப்பைத் தாங்கும். உள்ளே செம்பழுப்பு வைரம், அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் கட்டையைப் பிளந்து, வெளிறிய பகுதி முதுகாகவும் சிவந்த பகுதி வயிறாகவும் அமையும்படி செதுக்கினால் போதும். பசையே இல்லாமல் இயற்கையே ஒட்டிக்கொடுத்த வில்!

அந்த வில்லால்தான் 1346-ல் கிரெஸியிலும், 1415-ல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் பிரபுக்களின் குதிரைப்படையை இங்கிலாந்து சாய்த்தது. ஜெயித்த ஃபார்முலாவை யார் விடுவார்கள்? 1363-ல் மூன்றாம் எட்வர்டு போட்ட உத்தரவுப்படி, விடுமுறை நாட்களில் ஆண்கள் எல்லோரும் வில் பழக வேண்டும். கால்பந்து மாதிரி வேலையற்ற விளையாட்டெல்லாம் கூடாது! 1417-ல் ஐந்தாம் ஹென்றி, நாட்டிலுள்ள வாத்துகளிடம் தலைக்கு ஆறு இறகு வசூலிக்கச் சொன்னார். அம்புக்கு இறகு வேண்டுமே!

இறகு திரும்ப முளைக்கும். யூ மரம்? அது ஆமை வேகத்தில் வளர்கிற ஜாதி. நல்ல வில்லுக்கு முடிச்சில்லாத, நேரான, நெருக்கமான வளையங்கள் உள்ள ஆளுயரக் கட்டை தேவை. இங்கிலாந்தில் வளர்ந்த யூ கோணலும் முடிச்சுமாக இருந்தது. குளிரில் மெதுவாக வளர்ந்த ஐரோப்பிய மலைக்காட்டு மரம்தான் சரியான சரக்கு. அதாவது, நாட்டின் பாதுகாப்பே இறக்குமதியை நம்பி நின்றது.

டிமாண்ட் ஏறியது. 1470-ல், பயிற்சிக்கு வேறு மரத்தில் வில் செய்துகொள்ளலாம் என்று சட்டம் இறங்கி வந்தது. அதுவும் போதவில்லை. 1472-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சட்டம் போட்டார்கள். இங்கிலாந்துத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் ஒரு டன் சரக்குக்கு நாலு வில்கட்டை கொண்டுவந்தே தீரவேண்டும். (டன் என்ற அளவே பெரிய ஒயின் பீப்பாயின் பெயரிலிருந்து வந்ததுதான்.) 'உனக்கு ஒயின் விற்கணுமா? பீப்பாய்க்கு நாலு கட்டை எடுத்துவை!' அடுத்து வந்த மூன்றாம் ரிச்சர்டு இன்னும் கறார். 1484-ல் இனிப்பு ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டை என்றார். சுங்க வரியைப் பணமாக வாங்கிப் பார்த்திருக்கிறோம், தங்கமாக வாங்கிப் பார்த்திருக்கிறோம். விறகாக வாங்கியவர்கள் இவர்கள்தான்!

இப்படிக் கட்டாயப்படுத்தினால் வியாபாரி என்ன செய்வான்? விலையை ஏற்றுவான். நூறு கட்டை 2 பவுண்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது, 1483-ல் 8 பவுண்டு ஆனது. 1510-ல் வெனிஸ் வியாபாரிகள் 16 பவுண்டு வாங்கினார்கள். முப்பது வருடத்துக்குள் எட்டு மடங்கு! தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூ வெட்டும் உரிமையை அரச ஏகபோகமாக்கி, வியாபாரிகளுக்குக் காசுக்குக் கொடுத்தார்கள்.

வெட்டினார்கள். வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1507-ல் புனித ரோமானியப் பேரரசரே, 'யூ வெட்டுவதை நிறுத்துங்கள்' என்று பவேரியாவின் கோமகனுக்குச் சொல்லவேண்டி வந்தது. லாபம் கேட்குமா? 1532-ல் மறுபடி ஏகபோக உரிமை. ஆனால் பத்திரத்தில் ஒரு நிபந்தனை: வழக்கமான எண்ணிக்கை, 'அவ்வளவு மரம் இருந்தால்'! 1562-ல் பவேரிய அரசே பேரரசருக்கு நீண்ட முறையீடு எழுதியது. யூ மரத்தை மட்டும் தேடித் தேடி வெட்டுவதால் காட்டின் கூரையில் ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டை வழியே புகுந்த காற்று பக்கத்து மரங்களையும் சாய்க்கிறது என்று விளக்கியது. நானூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய சுற்றுச்சூழல் அறிக்கை இது. 1568-ல் சாக்சனி ஏகபோக உரிமை கேட்டபோது தரப்படவில்லை. காரணம் கொள்கை முடிவல்ல, வெட்ட மரமில்லை. அடுத்த வருடம் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அதே நிலை.

இங்கிலாந்தில்? 1541-ல் எட்டாம் ஹென்றியின் சட்டம், பதினேழு வயதுக்குக் குறைந்த பையன்கள் யூ வில்லைத் தொடக்கூடாது என்றது. அப்பா வசதியானவராக இருந்தால் விலக்கு உண்டு! 1545-ல் ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் (பின்னாளில் ராணியான எலிசபெத்துக்கு வாத்தியார்) 'டாக்ஸோஃபிலஸ்' என்ற வில்வித்தைப் புத்தகத்தை வெளியிட்டார். 'பிரேசில்' மரம் முதல் எல்ம், ஆஷ் வரை ஒவ்வொன்றையும் பரிசோதித்தவர் மாதிரி மதிப்பெண் போட்டு, எல்லாம் சுமார் ரகம், யூதான் உத்தமம் என்று தீர்ப்பு எழுதினார். தூர தேசத்து மரத்தை வில்லுக்குப் பரிசீலிக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது, பாருங்கள்.

அதே 1545 ஜூலையில் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' கடலில் மூழ்கியது. 1982-ல் அதைத் தூக்கினார்கள். அந்த அகழாய்வில் 137 முழு வில்களும் 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அத்தனை வில்லும் யூ. நானூறு வருடம் சேற்றில் கிடந்தும் வில் வில்லாகவே இருந்தது. அதைக் கொடுத்த காடுதான் காடாக இல்லை.

1595-ல் இங்கிலாந்து தன் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கியை நிலைநிறுத்தியது. துப்பாக்கி ஜெயித்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒன்று: வில் தோற்றபோது அதற்கு மரமும் தீர்ந்திருந்தது.

டெபிட், கிரெடிட் படித்தவர்கள் இந்த வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்தை ஒரு தடவை மனசுக்குள் விரித்துப் பார்க்கலாம். வெட்டுக்கூலி இருக்கும். வண்டிக்கூலி, படகுக்கூலி, சுங்கம், பேரரசருக்கு உரிமைத் தொகை, வியாபாரி லாபம் எல்லாம் இருக்கும். மரம் வளர எடுத்துக்கொண்ட நூறு வருடத்துக்கு? அதற்கு மட்டும் பத்தியே இல்லை. மரத்தின் விலையாக அவர்கள் எழுதியதெல்லாம் வெட்டிய விலையும் கொண்டுவந்த விலையும்தான்.

•

இந்த வலையில் மாட்டாதவர்களும் இருந்தார்கள். 'ஒரே மரத்தில் எல்லாக் குணமும் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறாய்? ஒட்டிக்கொள்!' என்றவர்கள்.

மத்திய ஆசியப் புல்வெளியில் யூ கிடையாது. குதிரைமேல் ஆளுயர வில் சரிப்படவும் செய்யாது. அங்கே பிறந்தது கூட்டு வில். நடுவே மெல்லிய மரம், வயிற்றுக்குக் கொம்பு, முதுகுக்கு விலங்கின் தசைநார், எல்லாவற்றையும் சேர்க்கப் பசை. துருக்கியர் நடுப்பகுதிக்கு மேப்பிள் மரத்தையும் வயிற்றுக்கு எருமைக் கொம்பையும் வைத்தார்கள். பசை காய்ந்து இறுகி வில் தயாராக ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். மொகலாயர்கள் இந்த ரகத்தைத்தான் இந்தியாவில் பயன்படுத்தினார்கள். நம் மழைக்கால ஈரம் பசைக்குச் சத்துரு. அதனாலேயே கிடங்கில் வருடக்கணக்கில் வைக்க எஃகு வில்களும் செய்தார்கள். கௌடில்யர் வெயில் காட்டச் சொன்னதன் அருமை இப்போது புரிகிறதா?

ஜப்பானியர் இன்னும் எளிமை. முன்னும் பின்னும் மூங்கில், நடுவே மூங்கில் கீற்றும் மரமும். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான அந்த 'யூமி' வில், ஈரமான நாட்டில் நூற்றாண்டுகளாக நிற்கிறது.

ஒட்டுவதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். முழுக் கட்டையில் வில் செய்ய, குறையே இல்லாத ஒரு மரம் வேண்டும். ஒட்டி வில் செய்ய, குறையில்லாத சில கீற்றுகள் போதும். முடிச்சு விழுந்த இடத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண மரமும் ராஜா மரத்தின் வேலையைச் செய்யும். பசை, காட்டைக் காப்பாற்றும் ஆயுதம்!

இருபதாம் நூற்றாண்டில் இது உச்சத்துக்குப் போனது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ரெட் பேர் என்பவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழையை வில்லுக்குக் கொண்டுவந்து வெற்றிகரமாகத் தொழிற்சாலையில் தயாரித்தார். வெளியே கண்ணாடி இழை, உள்ளே மரக்கீற்று, மறுபடி கண்ணாடி இழை. சாண்ட்விச் மாதிரி. வளைகிற பொருளில் இழுப்பும் அமுக்கமும் வெளி அடுக்குகளில்தான் உச்சம். நடுவில் மிகக் குறைவு. அதாவது பெரும்பாலான வேலையைக் கண்ணாடி இழையே பார்த்துக்கொள்கிறது. நடுவிலிருக்கும் மரம் லேசாக, சீராக, பசை பிடிக்கிறதாக இருந்தால் போதும். மேப்பிள் போதும். மூங்கில் போதும்.

'அப்பாடா, பிரச்னை தீர்ந்தது' என்கிறீர்களா? அங்கேதான் அழகு என்ற ஆசாமி உள்ளே நுழைகிறார்.

•

இன்று ஒலிம்பிக் வில்லில் நடுப்பிடி உலோகம். ஆனால் கையால் வில் செய்யும் கைவினைஞர்களும், அதைத் தேடி வாங்கும் ரசிகர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரம்தான் வேண்டும். அதுவும் சாதாரண மரமா? ஆப்பிரிக்காவின் பூபிங்கா, வெங்கே. தென் அமெரிக்காவின் பர்ப்பிள்ஹார்ட், ரோஸ்வுட், ஐப்பே. மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ.

நியாயமான காரணமும் உண்டு. வளைகிற கைகள் லேசாக இருக்கவேண்டும். வளையாத நடுப்பிடி கனமாக இருக்கவேண்டும். கனமான பிடி, நாணை விடும்போது கை ஆடாமல் காக்கும். பிடியில்தான் அம்புக்காக மரத்தைக் குடைந்து பள்ளம் விடுகிறார்கள். அந்த ஒடுங்கிய இடத்தில் முறியாத உறுதி வேண்டும். ஆகவே கெட்டி மரம் தேவைதான். ஐப்பே, அமுக்கத்தைத் தாங்கும் சூரன். அதை வயிற்றிலும் மூங்கிலை முதுகிலும் ஒட்டினால் கண்ணாடி இழையே இல்லாமல் அருமையான வில் கிடைக்கும்.

ஆனால் கைகளில், கண்ணாடி இழைக்குக் கீழே, காகிதம் மாதிரி மெலிசாக ஒட்டுகிற ஊதாவும் வரிவரியுமான தகடு? அது வில்லின் வேகத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. வேலை செய்வது மேப்பிளும் மூங்கிலும். விலையை ஏற்றுவது வெளிநாட்டு மரம்!

உபத்திரவமும் குறைவில்லை. ரோஸ்வுட், கோகோபோலோ, நம்ம தேக்கு எல்லாம் எண்ணெய் ஊறிய மரங்கள். பசை எளிதில் பிடிக்காது. அசிட்டோன் போட்டுத் துடைத்து, உடனே ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் இழுக்கும்போது 'டப்'. கோகோபோலோ தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து மூச்சு இரைக்கும். முகமூடி இல்லாமல் இழைப்புளி பிடிக்கக்கூடாது.

சரி, இந்த மரங்களின் நிலவரம்? அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கு 'சைட்டீஸ்' என்றொரு உலக ஒப்பந்தம் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992-ல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது. 2017-ல் பூபிங்காவும், நம்ம ஈட்டி உட்பட ரோஸ்வுட் வகையறா மொத்தமும் அனுமதிச் சீட்டு கட்டாயமான இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. 2024 நவம்பரில் ஐப்பேயும் சேர்ந்தது. இந்த மரங்களைத் தீர்த்தது வில் செய்கிறவர்கள் அல்ல. மேஜை, நாற்காலி, தரைப்பலகை வியாபாரத்துக்குப் போனதுதான் மலையளவு. வில்லுக்குப் போனது கடுகளவு. ஆனால் கடுகும் அதே மூட்டையிலிருந்துதான் வருகிறது. பவேரியாவின் அதே கணக்குப் புத்தகம், அதே விடுபட்ட பத்தி.

•

'எங்கோ ஆப்பிரிக்காவில் நடப்பதற்கு நாம் என்ன செய்ய?' என்று கேட்பீர்கள். பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக நேரே போய்ப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஆந்திரா. அதற்கப்பால் சேஷாசலம் மலை. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரத்தின் சொந்த வீடு, கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிதான். வெளிநாட்டுக்காரர் பார்வையில் நாம்தான் அந்தத் தூர தேசம். நம் மரம்தான் அபூர்வக் கெட்டி மரம்!

தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். சீனாவில் அரண்மனை மரச்சாமான் ரகம். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்கு இதுதான் உயர்ந்த மரம். 1995-லிருந்து இதுவும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில். இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. சென்னைப் பக்கத்துத் துறைமுகங்களில் வேறு பெயரில் கன்டெய்னர் ஏறிய செம்மரம் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

யூ மரக் கதையில் காடு செத்தது. செம்மரக் கதையில் ஆட்களும் செத்தார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் தமிழகத்துத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எங்கோ ஒரு வரவேற்பறையில் நாற்காலி பளபளக்கிறது. அதற்குக் கோடாரி பிடித்தவன் வாங்கியது கூலி, கொடுத்தது உயிர்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செம்மரத்தைக் காட்டில்தான் வெட்டவேண்டும் என்பதில்லை; பட்டா நிலத்தில் வளர்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் வளர்க்கிறார்கள். 2025-ல், சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம், இந்த மாவட்டத்தின் 8 கிராமங்களைச் சேர்ந்த 18 செம்மர விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் கொடுத்தது. சராசரியாக ஆளுக்கு மூன்று லட்சம். இது மரம் விற்ற காசு அல்ல, அதற்கு மேலே. 2002-ம் வருட உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, மரத்தைப் பயன்படுத்தி லாபம் பார்க்கிறவர்கள் வளர்த்தவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பங்கு.

தொகை சின்னதுதான். ஒரு கன்டெய்னர் கடத்தல் சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒயின் பீப்பாய்க்கு நாலு கட்டை வாங்கிய கணக்கில் கடைசிவரை இல்லாத ஒரு பத்தியை இங்கே யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் திறந்திருக்கிறார்கள். தலைப்பு: 'வளர்த்தவருக்கு'.

வில் செய்யும் கைவினைஞருக்கும், வாங்குகிற ரசிகருக்கும், ஏன், வீட்டுக்கு ஒரு அலமாரி செய்யக் கடைக்குப் போகும் உங்களுக்கும் எனக்கும் இதில் வேலை இருக்கிறது. மரத்தைத் தட்டிப் பார்க்கிறோம், வரியைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம். கூடவே இரண்டு கேள்வி. இந்த இடத்துக்கு இந்த மரம்தான் வேண்டுமா, மூங்கிலே செய்துவிடுமா? இதுதான் வேண்டுமென்றால், இதை யார், எங்கே வளர்த்தார்கள்?

இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால், புரிந்துகொள்ளுங்கள். வெட்டிய விலையைத்தான் சொல்கிறார். வளர்த்த விலை அதில் இல்லை.